கையும் பையும்

சட்டைத் தொழிற்சாலையில் மூன்றாம் வரிசையின் மேற்பார்வையாளரை எல்லாரும் ‘காலர் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வயதில் காலர் தைக்க உட்கார்ந்தவர். இருபத்தாறு வருடத்தில் ஊசி விரலில் ஏறியது நான்கு முறை என்று கணக்குச் சொல்வார். காது மந்தமானது எப்போது என்று மட்டும் அவருக்கே தெரியாது. அறுபது தையல் மெஷின்கள் ஒன்றாக ஓடும் கூடத்தில் யாருக்குத்தான் ஒழுங்காகக் கேட்கும்? உதட்டைப் பார்த்தே காலத்தை ஓட்டிவிட்டார்.

ஒரு நாள் கட்டிங் மாஸ்டர் முகத்தைத் திருப்பாமல், நடந்துகொண்டே, “அக்கா, அந்த நீலச் சட்டை மொத்தத்துக்கும் கை பிரிச்சிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா காதில் விழுந்தது ‘பை’. மதியத்துக்குள் இருநூற்றுப் பத்து சட்டைகளின் பைகள் பிரிந்து கிடந்தன. கைகள் மட்டும் தப்பான நீளத்தில் சமர்த்தாகத் தொங்கின. மாஸ்டர் பார்த்தார், திட்டவில்லை. அவர் திட்டாததுதான் அக்காவுக்குச் சுருக்கென்றது. மறுநாளே விடுப்பு எடுத்துக் காது பரிசோதனைக்குப் போனார்.

காதுக்குப் பின்னால் சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு கருவி வந்து உட்கார்ந்தது. தொழிற்சாலையில் அது கெட்டிக்காரத்தனமாக வேலை செய்தது. மெஷின் இரைச்சல் இரண்டடி பின்வாங்கியது. பேச்சு முன்னே வந்து நின்றது. கை கையாகக் கேட்டது, பை பையாகக் கேட்டது.

தொல்லை வீட்டில்தான். அவர் கணவர் நூலகத்தில் வேலை பார்ப்பவர். பகலெல்லாம் வருகிறவர்களை “மெதுவா, மெதுவா” என்று அடக்கிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் மனைவிக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறவர். முதல் நாள் சாயங்காலம் அவர் “சாப்பிட்டியா?” என்று கேட்டபோது ஒவ்வோர் எழுத்தும் கத்தரித்து வைத்த துணிபோலத் தனித்தனியாக வந்தது. ஆனால் குரல் அவருடையதாக இல்லை. யாரோ ஒரு ஆள் தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து விசாரிப்பதுபோல இருந்தது.

அதற்குப் பிறகு அக்கா வீட்டுக்குள் நுழைந்ததும் கருவியைக் கழற்றி அதன் டப்பாவில் போட்டுவிடுவார். பத்து நாள் பார்த்தார் கணவர்.

“ஊர்ல உள்ளவங்க பேச்செல்லாம் கேக்கறே. என்னை மட்டும் டப்பாவில போட்டு மூடிடறே.”

அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, மனசும் கேட்கவில்லை. அந்த வாரமே அவரையும் அழைத்துக்கொண்டு பரிசோதனை செய்த பெண்ணிடம் போனார்.

“சொல்லெல்லாம் புரியுதும்மா. ஆனா இவர் இவரா இல்லை.”

அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். “சின்னச் சத்தத்தை இது தூக்கிக் கொடுக்கும், பெரிய சத்தத்தை அமுக்கிடும். சொல்லைப் பிரிச்சுக் காட்டற கூர்மையான ஓசைகளைக் கூட்டி வச்சிருக்கேன். அதனால புரியும். குரலோட கனம் கொஞ்சம் போயிடும். வேற மாதிரி வச்சுப் பாக்கலாமா?”

கணினியில் எதையோ மாற்றினாள். இப்போது குரல்கள் உருண்டு திரண்டு வந்தன. ஆனால் சொற்களின் ஓரம் மழுங்கியது. ஒன்றைப் பிடித்தால் மற்றது நழுவியது.

“சார், நீங்க ஏதாவது பேசுங்க.”

“என்ன பேசணும்?” என்றார் கணவர். அறைக்கு வெளியே காத்திருந்தவர் எட்டிப் பார்த்தார்.

“கத்தாம, சாதாரணமா பேசுங்க சார்.”

மறுபடி வாய் திறந்தார். மறுபடி கத்தல்தான். அவர் முகம் சிவந்துவிட்டது. “அப்படியே வருதும்மா. இவகிட்ட எப்படிப் பேசுவேன்னே மறந்துபோச்சு.”

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். டப்பாக் குரலில் பாதிதான் கருவியின் வேலை. மீதி, தனக்காக வருடக்கணக்கில் கத்திக் கத்தி அந்தத் தொண்டை பழகிப்போன குரல்.

“உங்க நூலகத்துல பேசற மாதிரி பேசுங்க,” என்றார் அக்கா.

அவர் சற்று யோசித்தார். பிறகு குனிந்து, புத்தகம் கேட்டு வந்தவரிடம் சொல்வதுபோல, “வீட்டுக்குப் போலாமா?” என்றார்.

கல்யாணமான புதிதில் கேட்ட குரல், முழுசாக இல்லை, முக்கால்வாசி. அது போதும் என்று பட்டது.

அந்தப் பெண் கருவியில் இரண்டு ஏற்பாடுகளையும் வைத்துக் கொடுத்தாள். பொத்தானை அழுத்தினால் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும். தொழிற்சாலைக்குக் கூர்மையானது, வீட்டுக்கு மென்மையானது. வீட்டில் சில சொற்கள் தப்பத்தான் செய்தன. “என்ன சொன்னீங்க?” என்று கேட்பார், கணவர் பழக்கதோஷத்தில் கத்துவார், அக்கா கையைத் தூக்குவார், அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு தணிவார்.

ஒரு மாதம் போயிருக்கும். சமையலறையில் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவர் தனக்குள் முணுமுணுத்தார்: “இன்னைக்கும் உப்பு பத்தலை.”

கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார். “அலமாரியில இருக்கு, போட்டுக்கோங்க.”

கணவர் தட்டோடு சமையலறை வாசலுக்கு வந்து விழித்தார்.

“ஏங்க, இத்தனை வருஷமா இதைத்தான் சொல்லிட்டு இருந்தீங்களா?”