ஓன் கோல்

எங்கள் மலையில் ஃபுட்பால் போட்டி நடந்தால் மைக் என் கையில்தான் இருக்கும். ஆட்டம் தெரிந்தவன் என்பதால் அல்ல. புதூர்நாட்டுக்கும் திருப்பத்தூருக்கும் ஜீப் ஓட்டுகிறவன் நான். வருடக்கணக்காக ஆள் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை திறந்து கிடக்கிறது. அந்த ஒரு தகுதி போதும் என்று கொடுத்துவிட்டார்கள்.

கீழே கண்ணமங்கலத்திலிருந்து ஒரு டீம் வருகிறது என்றதும் எனக்கு அது மானப் பிரச்சினை ஆகிவிட்டது. "பந்து போவுது, பந்து வருது" என்று கத்திக்கொண்டிருந்தால் அவர்கள் சிரிப்பார்களே. ஜீப்பில் ஆள் நிறையும்வரை செல்போனில் இங்கிலீஷ் வர்ணனை கேட்டு வார்த்தை பொறுக்கினேன். எதிராளியின் இரண்டு காலுக்கு நடுவே பந்தைத் தள்ளினால் அதற்குப் பெயர் நட்மெக். அகராதியில் பார்த்தால் ஜாதிக்காய் என்கிறது. வெள்ளைக்காரன் ஜாதிக்காயை ஏன் அங்கே கொண்டுபோய் வைத்தான் என்று யோசித்ததில், வழியில் கை காட்டிய இரண்டு பேரை ஏற்றாமலே வந்துவிட்டேன். ஒரு கோல்கூட வாங்காமல் ஆட்டம் முடித்தால் அது கிளீன் ஷீட். இதை மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

"மொதல்ல நம்ம வூட்டு பெட்ஷீட்ட தொவைங்க," என்றாள்.

அவள் கவலை வேறு. எங்கள் டீமில் நாலாம் நம்பர் அவளுடைய தம்பி. கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிறவன். அவனுக்கு நெல்லிவாசல்நாட்டில் பெண் கேட்டிருந்தோம். பெண்ணின் அப்பாவுக்கு அரை மனது. பெண்ணோ சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளையை ஆட்டத்தில் பார்த்துவிடலாம் என்று அப்பாவும் மகளும் அன்று வந்திருந்தார்கள். ஆட்டத்துக்கு முன் மச்சான் என் மேசையருகே வந்து நின்றான்.

"மாமா, கொஞ்சம் பாத்து பேசுங்க. அந்தப் பொண்ணு இல்லன்னா எனக்குக் கல்யாணமே வாணாம்."

இரண்டாம் பாதிவரை யாரும் கோல் போடவில்லை. அப்புறம் கண்ணமங்கலத்துப் பையன் அடித்த பந்தைத் தடுக்க மச்சான் காலை நீட்டினான். காலில் பட்ட பந்து எங்கள் வலைக்குள்ளேயே போய் விழுந்தது. நம் ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும், இதற்குப் பெயர் சேம் சைடு கோல். ஆனால் இங்கிலீஷ்காரன் அப்படிச் சொல்வதில்லை, ஓன் கோல் என்பான். ஓன் என்றால் சொந்தம். புது வார்த்தைக்கு இடமும் கிடைத்தது, யாருக்கும் புரியாததால் மச்சான் மானமும் தப்பிக்கும் என்று கணக்குப் போட்டேன்.

"நம்பர் ஃபோர், ஓன் கோல்!"

ஸ்கோர் எழுத உட்கார்ந்திருந்த டீக்கடைக்காரர் காதில் அது ஒன் கோல் என்று விழுந்தது. சாக்பீஸை எடுத்துப் பலகையில் எங்கள் பக்கம் ஒன்று போட்டார். கோலுக்குத் தூரத்தில், என் மேசைப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண்ணின் அப்பா பலகையைப் பார்த்து எழுந்து நின்று கை தட்டினார். அவர் தட்டியதைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள்.

கண்ணமங்கலம் கேப்டன் நேராக என்னிடம் வந்தான். "அண்ணே, அது எங்க கோலு. தமிழ்லயே சொல்லுங்க."

நியாயம் அவன் பக்கம். வேறு வழியில்லாமல், "மன்னிக்கணும், அது சேம் சைடு கோல்," என்று அறிவித்தேன். பெண்ணின் அப்பா கை தட்டுவதை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்.

அந்த ஒரு கோலில் தோற்றோம். பெண்ணின் அப்பா கிளம்பும்போது என்னிடம் வந்தார். "இன்னாங்க, உங்க மச்சான் சேம் சைடு கோல் போட்ற ஆளா? நாளைக்கு என் பொண்ணுக்கு ஒரு கஷ்டம்னா எந்தப் பக்கம் நிப்பாரு?"

நான் மைக் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தேன். அடுத்த இரண்டு நாள் வீட்டுப் பெட்ஷீட்டையெல்லாம் நானே துவைத்தேன். மச்சான் என் ஜீப் பக்கமே தலைகாட்டவில்லை.

மூன்றாம் நாள் தகவல் வந்தது. பெண் சரி சொல்லிவிட்டாளாம், அப்பாவும் ஒத்துக்கொண்டாராம். என் வர்ணனையின் மகிமைதான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். நிச்சயத்தன்று சும்மா இருக்காமல் அவளிடமே கேட்டேன். "இன்னாம்மா, என் இங்கிலீஷ்ல மயங்கித்தான் சரின்னியா?"

அவள் சிரித்தாள். "நீங்க பேசுனது எனக்கு ஒன்னுமே வெளங்கலண்ணா. நான் அந்தக் கோல் பக்கத்துலதான் ஒக்காந்திருந்தேன். பந்து உள்ள போனதும் உங்க கோல்கீப்பர் கீழ வுழுந்து அழுதான். இவரு ஓடிப்போய் கை குடுத்துத் தூக்கி, 'உன் மேல தப்பில்லடா, என் தப்பு'ன்னு எல்லார் எதிர்லயும் சொன்னாரு. அத்தப் பாத்துதான் சரின்னேன்."

அதை நான் பார்க்கவில்லை. அந்த நேரத்தில், ஓன் கோல் என்ற வார்த்தை என் வாயில் எவ்வளவு சுத்தமாக வந்தது என்று ரசித்துக்கொண்டிருந்தேன். மைதானத்தில் அன்று நடந்தவற்றில் சொல்லியே ஆகவேண்டியது மச்சான் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான். கையில் மைக் இருந்தும் அதை விட்டுவிட்டேன்.