"மாப்ள, அப்டியே இருங்க!"

மாகறல் கோயிலில் அன்று நான் மாப்பிள்ளை வீட்டுப் போட்டோகிராபர். தனியாக நான் ஒப்புக்கொண்ட முதல் கல்யாணம். பெண் வீட்டாரும் ஒருவரை அழைத்து வந்திருந்தார்கள். நிற்கும் இடத்துக்காகக் காலையிலேயே அவரிடம் முறைத்துக்கொண்டேன்.

தாலி கட்டச் சற்று முன் யாரோ இடித்து, என் கேமரா கருங்கல் தரையில் விழுந்தது. கேமரா தப்பியது, இருந்த ஒரே லென்ஸ் உடைந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்து அந்தப் பெண் வீட்டுப் போட்டோகிராபரே வந்தார்.

"இன்னா மா, பேஜாரா பூட்ச்சா? இத்த மாட்டு."

அவரிடம் உபரியாக இருந்த லென்ஸ் வேறு கம்பெனி. இரண்டையும் இணைக்கும் ஓர் அடாப்டரை நடுவில் பொருத்தி என் கேமராவில் மாட்டிக் கொடுத்தார். "ஆட்டோ ஃபோகஸ் வராது. கையால திருப்பிக்கினே எடு."

கெட்டிமேளம் கொட்டியது. லென்ஸை இப்படியும் அப்படியும் திருப்பினேன். எல்லாமே மங்கலாகத் தெரிந்தது.

"மாப்ள, அப்டியே இருங்க!" என்று அவர் கத்தினார். தாலியைப் பிடித்த கைகள் பெண்ணின் கழுத்தருகே நின்றன.

"நல்ல நேரம் போவுது, உன்னோட இன்னாய்யா ரோதனை?" என்று பெண்ணின் மாமா சீறினார்.

"எனக்கு இன்னும் சரியா வரல மாமா" என்று அவரே பதில் சொன்னார்.

ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் கேமரா மார்பில் தொங்கிக்கொண்டிருந்தது. தன் படத்தை எப்போதோ எடுத்துவிட்டு, எனக்காகத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

அவசரப்படாமல் லென்ஸைத் திருப்பினேன். பெண்ணின் முகம் மெல்லத் தெளிந்து வந்தது. எடுத்தேன்.

இப்போது என் பையில் இரண்டு மூன்று அடாப்டர்கள் கிடக்கின்றன. ஒன்றுகூட என் கேமராவுக்குப் பொருந்தாது. அடுத்த கல்யாணத்தில் எதிர்த்தரப்பில் நிற்பவர் எந்தக் கேமராவோடு வருவாரோ!