பூசணி கட்டிய கட்டை

எனக்கு அந்த வீட்டின் மேல் பொறாமை. சொல்ல வெட்கமும் இல்லை.

மாமல்லபுரம் போகிற வழியில் மாமனாருக்கு ஒரு சவுக்குத் தோப்பு இருந்தது. என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் அதைப் பிரித்துக்கொண்டபோது நாங்கள் எங்கள் பாதியை மனை போட விற்றுவிட்டுத் திருப்போரூரில் மூன்றாவது மாடிக்குக் குடிபோனோம். கொழுந்தன் தன் பாதியில் முழு முழு மரக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வீடு கட்டினான். சுவரே மரம். என் ஓர்ப்படி காலையில் காபி டம்ளரோடு அதன் வாசலில் நிற்கிற போட்டோவைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போடுவாள். நான் ஒரு ஹார்ட்டை அனுப்பிவிட்டு, எதிர்வீட்டு ஏசிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு என் காபியைக் குடிப்பேன்.

திருஷ்டிக்கு அவள் அமாவாசைக்கு அமாவாசை வாசலுக்கு மேல் பூசணிக்காய் கட்டுவாள், முறைக்கிற கண்ணும் மீசையும் வரைந்து. யார் கண்ணுக்காக என்று சொன்னதில்லை. அந்த வீட்டுக்கு அடிக்கடி போகிறவள் நான் ஒருத்திதான்.

போன மழைக்குப் பிறகு வாசலுக்கு மேலிருந்த கட்டை மக்கிவிட்டது. விரலால் அழுத்தினால் உள்ளே போகிறதாம். கேட்டதும் எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. அந்தக் குளிர்ச்சி அடங்குவதற்குள், அந்த வீட்டிலேயே இருக்கிற மாமியாரிடமிருந்து போன் வந்தது.

"யாரோ கண்ணு வச்சிட்டாங்க. அம்மாம் வயிறெரிஞ்சா மரம் இன்னா பண்ணும்?"

அந்த யாரோ யார் என்று எனக்குத் தெரியாதா? இனி அந்த வாசலில் எந்த முகத்தோடு போய் நிற்பது என்று பயம் பிடித்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை ரிப்பேர் வேலைக்கு என் வீட்டுக்காரர் கிளம்பினார். போகாவிட்டால் பழி உறுதியாகிவிடும் என்று நானும் கூடவே போனேன். அண்ணனும் தம்பியும் மேல் கட்டைகளுக்கு ஜாக்கி முட்டுக் கொடுத்து, மக்கின பாகத்தை அறுத்துக் கீழே போட்டார்கள். அதை நான்தான் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். வெளிப்பக்கம் முழுக்க ஆணி ஓட்டை. ஒவ்வொரு பூசணிக்கும் புதுசாக ஓர் ஆணி அடித்திருக்கிறாள். ஓட்டை வழியாக மழைத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஓட்டையைச் சுற்றித்தான் கறுப்பு, மற்ற இடமெல்லாம் கெட்டியாக இருந்தது.

கொழுந்தனிடம் நீட்டினேன்.

"இன்னா அண்ணி, சல்லட மாதிரி கீது," என்றவன் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் முகம் சுண்டிப்போனது. மாமியார் உள்ளே போய்விட்டார்.

புதுக் கட்டையை அளவாகச் செதுக்கித் தட்டி உட்கார வைத்தார்கள். பழசுக்கு நடுவே அது தேன் நிறத்தில் மின்னியது. ரிப்பேர் செய்து தொலைத்ததில் வீடு முன்னைவிட அழகாகிவிட்டது.

கிளம்பும்போது ஓர்ப்படி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தப்பா நெனச்சிக்காதீங்கக்கா. உங்க கண்ணால ஒண்ணும் ஆவல. எல்லாம் அந்த ஆணியாலதான்."

பழி நீங்கியது. நிம்மதியாக பஸ் ஏறியிருக்க வேண்டும். ஆனால் வழியெல்லாம் மனசு ஆறவில்லை. இத்தனை வருஷம் தின்னாமல் தூங்காமல் வயிறெரிந்திருக்கிறேன், என்னால் ஒரு கட்டையைக்கூட மக்க வைக்க முடியவில்லை.