மதிய நேரத்து மலைகள்

என் கணவர் வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தார். பத்து வருடமாக விமானங்களின் வயிற்றுக்குள் குனிந்தபடியே நின்றவர். ஒரு விடுமுறைக்கு வந்தபோது தஞ்சாவூரில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றும், விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்றும், அதை ஓட்ட ஒரு கைப்பிடியும் வாங்கிவந்தார். இருந்த நாற்பது நாளும் அதன் முன்னால்தான். கிளம்பும்போது, "தூசி படாம பாத்துக்க. போரடிச்சா நீயும் ஓட்டிப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திருவாரூரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் எங்கள் ஊர். மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். வீட்டில் நானும் மாமனாரும் மட்டும். விடியுமுன் அவர் வயலுக்குப் போய்விடுவார். வந்து சாப்பிட்டு மறுபடி போவார். மதியம் இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை எனக்கென்று ஒரு வேலையும் இருக்காது. அந்த இரண்டு மணி நேரத்தில்தான் நான் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டேன்.

நான்கு பேர் உட்காரும் சின்ன விமானம். முதலில் சமவெளியில் ஓட்டினேன், எங்கள் ஊர் மாதிரியே இருந்தது. சலித்துப்போய் மலைகளுக்குப் போனேன். நான் அதுவரை மலையையே பார்த்ததில்லை. எங்கள் பக்கம் மேடு என்றால் ஆற்றங்கரைதான். நேபாளத்தில் ஒரு பள்ளத்தாக்கு, அதன் கோடியில் மலைச்சரிவில் ஒரு ஓடுதளம். அங்கே இறங்க வேண்டும் என்று எனக்கு ஏனோ பிடிவாதம் வந்துவிட்டது.

உயரே போகப் போக எஞ்சினுக்கு மூச்சு வாங்கும். கைப்பிடியை எவ்வளவு இழுத்தாலும் விமானம் ஏறுவதைவிட வேகமாகத் தரை ஏறிக்கொண்டு வரும். இருபுறமும் பாறை நெருங்கும். மூக்கை இன்னும் தூக்கினால் ஒரு ஊதல் சத்தம் எழும்பும், இனி விமானம் காற்றில் நிற்காது என்று அர்த்தம். அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை. மோதுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். போனில் அவரிடம் கேட்டால், "பள்ளத்தாக்கு நடுவுல போகாத. ஒரு ஓரமா ஒட்டிப் போ. அப்பதான் திரும்ப எடம் கிடைக்கும்" என்பார். ஓரமாகப் போயும் மோதினேன். முப்பது நாற்பது தடவை இருக்கும்.

அந்த வருடம்தான் எரிவாயுக் குழாய் எங்கள் ஊர் வழியாகப் போகிறது என்றார்கள். முதலில் இரண்டு பேர் வந்து வயலில் சிவப்புக் கொடி நட்டார்கள். பிறகு ஒரு தாள் வந்தது. மாமாவின் பத்து மா நிலத்தில் குறுக்காகக் கோடு போட்டிருந்தது. மூன்று ஏக்கர் சொச்சம், அவ்வளவுதான் அவருக்கு இருந்தது. அதுவும் அவருடைய அப்பா குத்தகைக்கு உழுத நிலம். கொடி பிடித்து, அடி வாங்கி, கோர்ட்டுக்கு அலைந்து கிடைத்த பட்டா.

மாமா சட்டை போட்டுக்கொண்டு கட்சி ஒன்றியச் செயலாளரைப் பார்க்கப் போனார். ஆளுங்கட்சிக் கரை வேட்டி. முந்தின தேர்தலில் எதிர்க்கட்சியாக இருந்தபோது இதே குழாய்க்கு எதிராக எங்கள் கடைத்தெருவில் மைக் பிடித்துப் பேசியவர். மாமாவோடு நானும் போனேன்.

"அண்ணே, நீங்களே அன்னைக்குப் பேசுனீங்களே" என்றார் மாமா.

"பேசுனேன், இல்லேங்கல. இப்ப நம்ம ஆட்சி. நானே எப்படி எதுத்துப் பேசறது? அறுப்பு முடியிற வரைக்கும் வர மாட்டாங்க, அதுக்கு நான் பொறுப்பு."

காபி கொடுத்தார். வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

அறுப்புக்கு முன்பே வந்தார்கள். மார்கழி மாதம், சம்பாப் பயிரில் கதிர் வந்து பால் பிடித்திருந்த நேரம். அன்று மதியம் நான் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பள்ளத்தாக்குக்குள் இருந்தேன். எஞ்சின் சத்தத்தில் வேறொன்றும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா ஜன்னல் வழியே கையை விட்டு என் தோளை உலுக்கினாள். "எவ்வளவு நேரம் கதவத் தட்டுறது? ஒங்க மாமா வயல்ல மிஷின் எறங்கிட்டு."

ஓடினேன். இரண்டு மண்வெட்டும் இயந்திரங்கள் வரப்பை உடைத்து உள்ளே நின்றன. சங்கிலிச் சக்கரத்தின் அடியில் கதிர்கள் சேற்றோடு சேறாகக் கிடந்தன. மாமா ஒரு இயந்திரத்தின் எதிரே, முழங்கால் சேற்றில், கைகளைத் தொங்கவிட்டபடி நின்றார். கத்தவில்லை. ஊர்க்காரர்கள் இருபது பேர் இருப்போம். போலீஸ் அதைவிட அதிகம்.

அதிகாரி வயதில் சின்னவர். மரியாதையாகத்தான் பேசினார். "ஐயா, மேல வாங்க. எங்களுக்கு உத்தரவு."

"இன்னும் இருபத்தஞ்சு நாள் தம்பி. அறுத்துட்டு நானே ஒதுங்கிக்கிறேன்" என்றார் மாமா.

"என் கையில இல்லங்க."

இதையே இரண்டு பேரும் மாற்றி மாற்றி நாலைந்து தடவை சொன்னார்கள். பிறகு இரண்டு போலீஸ்காரர்கள் சேற்றில் இறங்கி அவர் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார்கள். செருப்பைக் கழற்றக்கூட நிற்காமல் இறங்கியிருக்கிறார், ஒன்று சேற்றோடு நின்றுவிட்டது. நான் எடுக்கப் போனேன். என்னையும் வேனில் ஏறச் சொன்னார்கள்.

எங்கள் எல்லாரையும் கடைத்தெருக் கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் அடைத்தார்கள். அதற்கு முந்தின நாள் அங்கே ஏதோ கல்யாணம் நடந்திருக்க வேண்டும். மேடையில் மணமக்கள் நாற்காலி அப்படியே இருந்தது, தரையெல்லாம் அட்சதை. எலுமிச்சைச் சோறு பொட்டலம் தந்தார்கள். எல்லாரும் சாப்பிட்டோம். மாமா பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலில் சேறு காய்ந்து உதிர ஆரம்பித்தது. "எப்ப விடுவாங்க?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். "பேர எழுதிக்கிட்டு விட்டுடுவாங்க" என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள்.

ஆறு மணிக்கு விட்டார்கள். ஏன் ஆறு மணி என்பது வயலுக்குப் போன பிறகுதான் புரிந்தது. இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புவரை ஆள் உயரத்துக்கு மேல் பள்ளம். இருபுறமும் மண் குவியல். நின்றுகொண்டிருந்த பயிர் பாதிக்கு மேல் அதன் அடியில். வேலை முடிந்துவிட்டிருந்தது, அதனால் விட்டிருக்கிறார்கள். மாமா குவியலிலிருந்து ஒரு கதிரை உருவி, மணியை நகத்தால் நசுக்கிப் பார்த்தார். வெள்ளையாகப் பால் வந்தது. விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் போனில் சொன்னேன். "நான் அங்க இருந்தாலும் என்ன பண்ணியிருக்க முடியும்?" என்றார். பிறகு, "அப்பாவப் பாத்துக்க" என்றார். அதை எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பத்து நாள் நான் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. ஹெட்போன் இல்லாமல் இருந்திருந்தால் அரை மணி முன்னால் போயிருப்பேன். போய்த்தான் என்ன, நானும் அரை மணி கூடுதலாக நின்றிருப்பேன். அது தெரிந்தும் மனசு ஆறவில்லை.

மாமா வயலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். மதியத்தில் கூடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார். அந்த மௌனம் தாங்காமல்தான் ஒரு நாள் கம்ப்யூட்டரைப் போட்டேன், ஹெட்போன் இல்லாமல். சத்தம் கேட்டு எழுந்துவந்து என் பின்னால் நின்றார். நாற்காலி இழுத்துப் போட்டேன்.

"இது எந்த ஊரு?"

"நேபாளம் மாமா."

மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய வயல்கள் கீழே போயின. குனிந்து பார்த்தார்.

"இதெல்லாம் யாரு நெலம்?"

"யாருதும் இல்ல மாமா. வெறும் படம்."

"வரப்பு கட்டியிருக்கானே" என்றார்.

அன்றும் பள்ளத்தாக்கு நெருங்கியது, ஊதல் சத்தம் வந்தது. "என்ன சத்தம் அது?" என்று கேட்டார். விழப்போகிறது என்றேன். அவர் கை என் நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்தது எனக்குத் தெரிந்தது. பாறையில் மோதி, திரை ஒரு நொடி கறுத்து, விமானம் மறுபடி கிளம்பிய ஓடுதளத்திலேயே முழுசாக நின்றது. அவர் அதையே பார்த்தார். "திரும்ப வந்துடுது" என்றார். எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் பார்க்க வரவில்லை, நானும் அவர் வீட்டில் இருக்கும்போது ஓட்டவில்லை.

குழாயைப் புதைத்துப் பள்ளத்தை மூடினார்கள். அடி மண் மேலே வந்துவிட்டது. அடுத்த சம்பாவில் அந்தக் கோட்டில் மட்டும் தண்ணீர் நிற்கவில்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பயிர் பச்சையாக இருக்க, நடுவில் வகிடு எடுத்த மாதிரி மஞ்சள். மாமா மறுபடி நட்டுப் பார்த்தார், குப்பை எரு அடித்துப் பார்த்தார். நெல்தான் வரவில்லை, மரமாவது வரட்டும் என்று அந்த வரிசையில் மேடு கட்டி ஒன்பது தென்னம்பிள்ளை வைத்தார். குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினார். பல நாள் கழித்து அவர் முகத்தில் கொஞ்சம் தெளிச்சல் வந்தது.

குருத்து விட்ட சமயம், குழாய்க்காரர்கள் ஜீப்பில் வந்தார்கள். குழாய்க்கு மேலே வேர் ஆழமாகப் போகிற எதையும் வைக்கக்கூடாதாம், கையெழுத்துப் போட்ட தாளிலேயே அப்படி இருக்கிறதாம். மாமா கையெழுத்துப் போடவே இல்லை. அதைச் சொன்னேன். "போடாட்டியும் சட்டம் ஒண்ணுதாம்மா" என்றார் வந்தவர். ஆள் விட்டுப் பிடுங்கட்டுமா, நீங்களே எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார்.

"நானே எடுத்துக்கறேன்" என்றார் மாமா.

வேர் அறாமல் சுற்றிலும் தோண்டி, ஒவ்வொன்றாக மண்ணோடு தூக்கி என்னிடம் கொடுத்தார். சாக்கில் சுற்றி வரப்பில் வரிசையாக வைத்தேன். கொல்லையில் மூன்றுக்குத்தான் இடம் இருந்தது. மீதி ஆறையும் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிடு என்றார். இரண்டு நாள் வாசலில் வைத்திருந்தேன். எல்லாருடைய நிலத்திலும் அதே கோடு போயிருந்தது. யாரும் கேட்கவில்லை.