அசலா என்று விசாரித்தவர்

செவ்வாய்க்கிழமை காலை, காபிக்குப் பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் கைப்பேசியைப் பார்த்தேன். மும்பை மாட்டுங்காவில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் வாட்ஸ்அப் குழுவில் கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்தன. மேலே தள்ளிக்கொண்டே போனபோதுதான் செய்தி கண்ணில் பட்டது. எங்கள் குடியிருப்புச் சொசைட்டியின் முன்னாள் மேனேஜர் திரு. கோமதிநாயகம், தாராவியில் தம் வீட்டில், விடியற்காலையில் மாரடைப்பால் காலமானார். வயது அறுபத்தொன்பது.

அதன் கீழே இரண்டாம் மாடிக்காரர் ஒருவர் “நேர்மையின் மறுபெயர்” என்று எழுதியிருந்தார். இதே மனிதர் போன வருடம் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் அவரை என்ன சொன்னார் என்பது எனக்கு நினைவிருக்கிறது. எழுதியவருக்கு நினைவிருக்குமா என்று தெரியவில்லை. நான் என்ன சொன்னேன், எதைச் சொல்லாமல் இருந்தேன் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. இந்த இதழின் ஆசிரியர் அரைப் பக்கம் எழுதித் தரும்படி கேட்டார். அரைப் பக்கத்தில் அடங்காது என்று சொல்லிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தில் நான் மானேஜரின் செகரட்டரியாக இருந்தேன். கான்வென்டில் படித்தவள். என் ஆங்கிலத்தில் யாரும் பிழை காண முடியாது என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு; அது பொய்யான நினைப்பும் அல்ல. திரு. கோமதிநாயகம் அங்கே இன்வர்டு கிளார்க்காகச் சேர்ந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் மாமா வீட்டில் தங்கியிருந்த இளைஞர். வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு கடிதமும் பில்லும் அவர் மேசையைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். முத்திரை குத்துவது மட்டுமே அவருக்குக் கொடுத்த வேலை. அவருக்கு முன்னால் அந்த மேசையில் இருந்தவர் அரட்டை அடித்துக்கொண்டே குத்துவார். இவர் குத்துவதற்கு முன் தாளைத் தூக்கிக்கொண்டு வந்து ஒரு கேள்வி கேட்பார்.

“மேடம், இத யாரு கேட்டா?”

ஒருமுறை, ஏதோ வியாபார டைரக்டரியில் எங்கள் நிறுவனத்தின் பெயரை அச்சிட்டதற்கு ஒரு பில் வந்தது. நல்ல தாள், நல்ல அச்சு. மானேஜரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

“சார் கையெழுத்துப் போட்டாச்சு. உங்களுக்கு என்ன?” என்றேன்.

“கையெழுத்து இருக்கு. ஆர்டர் இல்லயே மேடம்.”

“பில்லிலேயே ஃபோன் நம்பர் இருக்கே. கூப்பிட்டுக் கேளுங்கோ.”

அவர் சிரித்துவிட்டார். “நல்லாருக்கே! அதுல உள்ள நம்பர்ல கேட்டா, ‘நெசம்தான், பணத்த அனுப்பு’ன்னுதான சொல்லுவான்? பில்லு எழுதினவனே பதிலும் சொன்னா அது என்ன விசாரணை?”

அன்று சாப்பாட்டு இடைவேளையில், வெயிலில் நடந்தே பில்லில் இருந்த விலாசத்துக்குப் போனார். அங்கே இருந்தது ஒரு பான் கடை. கடைக்காரர் யார் யாருக்காகவோ தபால் வாங்கி வைப்பவர். திரும்பி வந்து மானேஜரிடம் சொன்னார். மானேஜர் பில்லைக் கிழித்துப் போட்டார். நன்றி சொல்லவில்லை. அவர் வெளியே போனதும் என்னிடம், “இந்த ஆள் தன் நிழலையே சந்தேகப்படுவான்” என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். அப்போது முதலே சிரித்திருக்கிறேன்.

நாங்கள் இருவரும் ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் கழித்து, என் கணவரும் போன பிறகு, எங்கள் சொசைட்டிக்கு நான் செகரட்டரி ஆனேன். அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஒருவர் வேண்டியிருந்தது. எனக்கு வேறு யார் பெயரும் தோன்றவில்லை. சொல்லி அனுப்பினேன். மறுநாளே சலவைச் சட்டையுடன் வந்து நின்றார்.

அதற்குள் தபால் போய் மெயில் வந்திருந்தது. அவர் அதற்காக மிரளவில்லை. மெயில் அவருக்கு இன்னொரு தபால், அவ்வளவுதான். எதிர்பாராத பில் ஒன்று வந்தால் அதில் இருக்கும் பட்டன் எதையும் தொடமாட்டார். அனுப்பியவர் பெயரை நம்பாமல், பெயரின் மேல் தட்டி உள்ளே இருக்கும் முழு முகவரியைப் பார்ப்பார். பிறகு மெயிலை அப்படியே விட்டுவிட்டு, நாம் உண்மையில் என்ன கேட்டோம், யாரிடம் கேட்டோம் என்று தம் ஃபைலைப் புரட்டுவார். பழைய ரசீதில் இருக்கும் நம்பருக்குத்தான் ஃபோன் செய்வார். படிக்கட்டில் அவரை நிறுத்தி, “நாயகம், கரென்ட் பில் கட்டலைன்னு மெயில் வந்திருக்கு, கொஞ்சம் பாருங்களேன்” என்று கைப்பேசியை நீட்டாதவர்கள் எங்கள் கட்டடத்தில் குறைவு. எனக்கே ஒருமுறை, வாங்காத ஏதோ சந்தாவுக்குப் பணம் பிடித்துவிட்டதாகவும் வேண்டாமென்றால் உடனே கூப்பிடும்படியும் ஒரு மெயில் வந்தது. கூப்பிட இருந்தேன். “நீங்க வாங்கவே இல்லயே மேடம். வாங்காதத எதுக்கு வேண்டாம்னு சொல்லணும்?” என்றார். பாங்கிப் புத்தகத்தைப் பார்த்தால் ஒரு பைசாவும் போகவில்லை.

போன வருடத்துக்கு முந்தின வருடம் கணபதி பண்டிகைச் சமயத்தில் லிஃப்ட் பராமரிப்புக்கு ஒரு மெயில் வந்தது. கம்பெனியின் பெயர் புதிது, பாங்கிக் கணக்கும் புதிது. பழைய கம்பெனியைத் தாங்கள் வாங்கிவிட்டதாக எழுதியிருந்தார்கள். அவர் நிறுத்தி வைத்தார். பழைய நம்பரில் யாரும் எடுக்கவில்லை. எல்லாரும் விடுமுறையில் இருந்தார்கள். அந்த நேரம் பார்த்து லிஃப்ட் நின்றது. பணம் வராமல் மெக்கானிக்கை அனுப்ப மாட்டோம் என்று புதிய கம்பெனியிலிருந்து மெயிலில் பதில் வந்தது. முழங்கால் வலியோடு நான் நான்கு மாடி ஏறினேன், ஐந்து நாள். ஆறாம் நாள் அவர் ரயிலேறி, பழைய ரசீதில் இருந்த காட்கோபர் ஆபீசுக்கே போய், நேரில் பார்த்து, பில் அசல்தான் என்று உறுதி செய்துகொண்டு பணத்தைக் கட்டினார்.

கட்டடமே சிரித்தது. “அரே நாயகம் பாய், சப் கோ சோர் சமஜ்தே ஹோ க்யா?” என்று எதிர்வீட்டு ஷா கேட்டார், எல்லாரையும் திருடன் என்றே நினைப்பீர்களா என்று. நான் சிரிக்கவில்லை, திட்டினேன். படிக்கட்டில், ஆட்கள் கேட்கும்படியாக, “உங்க சந்தேகத்துக்கு என் கால்தான் கிடைச்சுதா?” என்றேன்.

“மன்னிச்சுக்கிடுங்க மேடம்” என்றார். அவர் செய்தது சரி என்று ஒருவராவது அன்று சொல்லியிருக்கலாம். விசாரித்துப் பார்த்த பில் அசலாக இருந்தால், விசாரித்தது தவறாகிவிடாது. இது எனக்கு அன்றே தெரிந்திருக்க வேண்டும். எனக்குக் கால் வலித்தது.

சில மாதம் கழித்து இன்னொரு மெயில். அதே புதிய கம்பெனியின் பெயர், அதே சின்னம், எங்கள் கட்டடத்தின் சரியான பெயர். வருடாந்திரச் சோதனைச் சான்றிதழுக்குக் கட்டணம். கணக்கு எண் மாறியிருக்கிறது. மாலைக்குள் கட்டாவிட்டால் லிஃப்ட் நிறுத்தப்படும். அவர் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு நான்காம் மாடிக்கு வந்தார்.

“மேடம், சான்றிதழ் நாம கேக்கல. போன தடவ வந்த முகவரி வேற, இது வேற. கம்பெனி பேருக்குப் பின்னால ஏதோ ஒட்டியிருக்கு. அவசரப்படுத்தவும் செய்தான். நெசமான பில்லு ஒரு நாள் காத்துக்கிடக்கும். காலைல காட்கோபருக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்திருதேன்.”

நான் மெயிலைப் படித்தேன். அருமையான ஆங்கிலம், நானே எழுதியது போல இருந்தது. “இவ்வளவு மரியாதையா எழுதறவன் திருடனா இருப்பானா? மறுபடியும் என்னை நாலு மாடி ஏற வெக்கப் போறேளா? கட்டுங்கோ” என்றேன்.

பழைய கோமதிநாயகமாக இருந்தால் வாதாடியிருப்பார். மானேஜரிடமே வாதாடியவர். ஆனால் படிக்கட்டில் அவரைக் கூனிக் குறுக வைத்திருந்தோம். “சரி மேடம்” என்று உட்கார்ந்தார்.

சொசைட்டிக் கணக்கிலிருந்து பணம் போக இரண்டு பேர் வேண்டும். அவர் விவரங்களைப் போடுவார். செகரட்டரியான என் கைப்பேசிக்கு ஓடிபி வரும். அந்த ஆறு எண்களை நானே கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக வாசித்தேன்.

அடுத்த வாரம் லிஃப்ட் கம்பெனியின் ஆள் வழக்கமான வேலைக்கு வந்தபோது, அப்படி ஒரு பில்லே தாங்கள் அனுப்பவில்லை என்றார். போலீஸில் புகார் எழுதினோம். போனது போனதுதான்.

கூட்டம் நடந்தது. இரண்டாம் மாடிக்காரர் எழுந்து, “அசலைப் போலின்னார், போலியை அசல்ன்னார். முதல்ல கண்ணாடியை மாத்துங்கோ நாயகம்!” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சேர்மன் கேட்டார்: “மெயில் சரியா இருக்குன்னு சொல்லித்தானே மேடத்துக்கிட்ட ஓடிபி வாங்கினீங்க?”

நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ‘இல்லை’ என்று சொல்ல எழுந்து நிற்கக்கூட வேண்டியதில்லை.

திரு. கோமதிநாயகம் என்னைப் பார்க்கவில்லை. “நாந்தான் போட்டேன் சார்” என்றார். அது பொய்யல்ல. மீதி உண்மையை எனக்காக விட்டு வைத்திருந்தார் என்பது எனக்கு இந்தச் செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது.

அவரை வேலையிலிருந்து நிறுத்திய கடிதத்தை எழுதியவள் நானே. கவனக்குறைவு என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் மென்மையான சொல்லாகத் தேடிப் போட்டேன். ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்ததால் இரண்டாம் முறை அச்செடுத்தேன். என் கண்டிப்பு அவ்வளவு.

இரண்டு மாதம் கழித்து ஆண்டாப் ஹில்லிலிருந்து ஒருவர் ஃபோன் செய்தார். தங்கள் கட்டடத்தில் மேனேஜர் வேலைக்குக் கோமதிநாயகம் என்பவர் வந்திருக்கிறார், எப்படிப்பட்டவர் என்று கேட்டார். யாரையும் சேர்ப்பதற்கு முன் விசாரித்துப் பார்ப்பது தங்கள் வழக்கம் என்றார். ஒரு பில் அசலா என்று கேட்க அந்த மனிதர் வெயிலில் நடந்தவர், ரயிலேறிப் போனவர். அவர் அசலா என்று கேட்டு வந்ததோ ஒரே ஒரு ஃபோன். கேட்க வேண்டிய இடத்தில்தான் கேட்டிருந்தார்கள். என்னைவிட அவரை அறிந்தவர் மும்பையில் யார்? நான், “அதை நீங்கள் எங்கள் சேர்மனிடம் கேட்பது நல்லது” என்றேன். நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன்.

வேலை கிடைக்கவில்லை. அதன் பிறகு அவர் எங்கும் கேட்கவில்லை என்று கேள்வி. தாராவியில், ‘பணத்தில் அவருக்கும் பங்கு’ என்று ஒரு பேச்சும் கிளம்பியதாம்.

இந்தக் கட்டுரையை நான் எழுதுகிறேன் என்று தெரிந்து நேற்று சேர்மன் மேலே வந்தார். “போனவரைப் பத்தி நல்லதா நாலு வரி போதுமே மாமி. பழைய விஷயம் எதுக்கு? உங்களுக்கும் நல்லதில்லை” என்றார்.

“எனக்கு நல்லதா இருந்தது போதும்” என்றேன்.

செவ்வாய்க்கிழமை நண்பகலில் தாராவியில் அவர் வீட்டுக்குப் போனேன். அதுவே முதல் தடவை. ஒற்றை அறை, மேலே மரப்பலகைத் தட்டு. எனக்காக யாரோ பக்கத்து வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். நான் உட்காரவில்லை. அவர் மனைவி சண்முகத்தாயின் பக்கத்தில் போய்ச் சொன்னேன். “அன்னிக்கு அவர் வேண்டாம்னுதான் சொன்னார். பணத்தைக் கட்டச் சொன்னது நான்.”

அந்த அம்மாள் தலையை நிமிர்த்திப் பார்த்தார். அழுகையோ ஆத்திரமோ இல்லை. “தெரியும்மா. அன்னைக்கே சொன்னாக.”

“பின்னே கூட்டத்தில் ஏன் சொல்லலை?”

“நானும் அதத்தான் கேட்டேன். ‘படிச்ச மனுஷி, அவுகளே சொல்லுவாக, பொறு’ன்னாக. கொஞ்ச நாளு ஃபோன் அடிச்சா ஓடிப்போயி எடுப்பாக. பொறவு அதையும் விட்டுட்டாக. இப்ப எங்கிட்ட வந்து சொல்லுதிய. எனக்கென்னத்துக்கு? எனக்குத்தான் தெரியுமே” என்றார்.

வெளியே ஆட்கள் கூப்பிட்டார்கள். எடுத்துப் போகும் நேரம். சந்து அகலமில்லை; முனையில் திரும்பும்போது பாடையைச் சற்றுச் சாய்க்க வேண்டியிருந்தது. “ஆராம் ஸே, ஆராம் ஸே” என்றார் ஒருவர், மெதுவாக என்று. எதிரே வந்த ஸ்கூட்டர்க்காரர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வண்டியைப் பின்பக்கமாகவே தள்ளிக்கொண்டு போய் வழிவிட்டார். பாடையில் போகிறவர் யார் என்று அந்த மனிதருக்குத் தெரியாது. தெரியாதவர் கொடுத்த அந்த மரியாதையை, முப்பது வருடம் பக்கத்து மேசையில் இருந்த நான் கொடுக்கவில்லை.

போய் வாருங்கள், திரு. கோமதிநாயகம். எதையும் அசலா என்று கேட்காமல் நீங்கள் ஏற்றுக்கொண்டதில்லை. என்னை மட்டும் கேட்காமலே நம்பிவிட்டீர்கள்.