காலை எடுத்தால் நிற்கும் ரம்பம்

ரம்பச் சத்தம் கேட்டால் அக்காவின் கணவரான மாமா எழுந்து போய்விடுவார். அக்கா தானே செய்த அறுவை மிஷினை முதன்முதலாக ஓட்டிப் பார்த்த அன்றும், குடித்துக்கொண்டிருந்த கூழை அப்படியே வைத்துவிட்டுச் சாமைக் கொல்லைப் பக்கம் நடந்தார். ஆலங்காயத்துப் பக்கம் ஒரு மர மில்லில் வேலை செய்தபோது வலது கையில் இரண்டு விரல்களைப் பறிகொடுத்தவர். அதன் பிறகு ஜவ்வாது மலைக்கே திரும்பிவந்து, மரம் என்ற பேச்சையே எடுக்காமல் இருந்தார்.

அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. மலையில் தேனீ வளர்ப்பவர்கள் பெட்டிகளுக்காக அடிவாரத்துக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். மாமாவுக்கு மரவேலை கைவந்த கலை. கைரம்பத்தை இறுக்கிப் பிடிக்கத்தான் விரல்கள் போதவில்லை. புது மிஷின் வாங்க வழியில்லை. கல்யாணத்துக்கு முன்பு ஷூ கம்பெனியில் தையல் மிஷின் ஓட்டிய அக்காவுக்கு மோட்டாரைக் கண்டு பயம் கிடையாது. ஒடுகத்தூர் பழைய இரும்புக் கடையில், ஓட்டல் கிரைண்டரிலிருந்து கழற்றிய மோட்டார் ஒன்றைப் பிடித்தாள். உடைந்த இரும்புக் கட்டில் மேசையானது. செல்போன் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து வட்ட ரம்பத்தைப் பொருத்தினாள். லீவுக்குப் போயிருந்த நான் போல்ட் முடுக்கிக் கொடுத்தேன்.

முதல் பலகையே எகிறிப் போய்ச் சுவரில் அடித்தது. சத்தம் கேட்டு மாமா கொல்லையிலிருந்து ஓடிவந்தார். மிஷினைப் பார்க்கவில்லை, அக்காவின் கைகளைத்தான் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பிளேடு ஆடுது. சத்தத்துலயே தெரியுது. இன்னாத்துக்கு உனுக்கு இந்த வேல?”

அக்கா மிஷினை நிறுத்தினாள். பிறகு, “அன்னிக்கு இன்னா இருந்திருந்தா உங்க வெரலு தப்பிச்சிருக்கும்?” என்று கேட்டாள்.

விரல் எப்படிப் போயிற்று என்றுதான் நாங்கள் எல்லோரும் கேட்டிருந்தோம். இதை யாரும் கேட்டதில்லை. மாமா மிஷின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

“பிளேடு மேல மூடி இல்ல. சுவிட்சு செவுத்துல இருந்துச்சு. கை மாட்டுனப்ப எட்டல.”

“அப்போ காலுல வெச்சிடலாங்க,” என்றாள் அக்கா. “எங்க தையல் மிஷின் மாரி. கால எடுத்தா நின்னுடணும்.”

மறுநாள் மாமாவே மிஷினைப் பிரித்தார். ரம்பத்தை ஆடாமல் நேராக்கினார். தகரத்தை வளைத்து மூடி செய்தார். கைக்குப் பதிலாகப் பலகையைத் தள்ள ஒரு கட்டையும் செதுக்கினார். அக்கா மிதி சுவிட்சை மாட்டினாள்.

இப்போது பக்கத்து ஊர்க்காரர்களும் அதே மாதிரி மிஷின் செய்யக் கிளம்பியிருக்கிறார்கள். மூடி எதற்கு என்று கேட்பவர்களிடம் மாமா பேச்சை வளர்ப்பதில்லை. வலது கையைக் காட்டுவார். அக்கா வீட்டு வாசலில் அடுக்கியிருக்கும் தேனீப் பெட்டிகளைப் பார்க்கும்போதெல்லாம், மாமா அறுத்த முதல் பலகைதான் எனக்கு நினைவுக்கு வரும். அன்று மிதிமேல் காலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அக்கா அவசரப்படுத்தவில்லை. பிறகு அழுத்தினார். பலகை நேர்கோட்டில் இரண்டாகப் பிரிந்தது. காலை எடுத்தார், ரம்பம் சுற்றி ஓய்ந்தது. இரண்டு கைகளையும் அக்காவின் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினார்.

“பாத்துக்கோ, எட்டு வெரலும் இருக்குது.”