என் குரலில் நான் படிக்காத அறிவிப்பு

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் திண்டுக்கல் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது, ஓர் ஆட்டோவிலிருந்து என் குரல் வந்தது. அதில் ஆச்சரியம் இல்லை. ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கண் பரிசோதனை முகாம், துக்கச் செய்தி என்று எங்கள் வட்டாரத்தில் ஆட்டோவில் மைக் கட்டி ஓடும் அறிவிப்புகளில் பாதி நான் படித்தவை. ஆனால் அன்று கேட்ட பாத்திரக்கடை விளம்பரத்தைப் படித்ததாக எனக்கு நினைவே இல்லை.

"எம்புட்டுத் தெளிவா பேசுது பாருங்க இந்தப் பொம்பள" என்றார் பக்கத்தில் நின்ற பெண். நானும் தலையாட்டி வைத்தேன். பஸ் ஏறிய பிறகுதான் பயம் வந்தது. படித்துவிட்டு மறந்துவிட்டேனா? புத்தி தடுமாறுகிறதா? வீட்டுக்காரரிடம் கேட்டேன். "கேஸ் அடுப்ப அணைச்சேனான்னே தெனம் ரெண்டு தடவ கேக்குற ஆளு நீ. இத நான் என்னத்தச் சொல்ல, ஸ்டெல்லா?" என்றார். கேட்டேன் பாருங்கள், நல்ல ஆளிடம்.

ஓடுகிற ஆட்டோவுக்குப் படிப்பது

இந்த வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆட்டோ போய்க்கொண்டே இருக்கும். வாசலில் நிற்பவர் காதில் நாலைந்து வார்த்தைதான் விழும். அதனால் ஊர், நாள், பெயர் மூன்றையும் சுற்றிச் சுற்றிச் சொல்ல வேண்டும். செல்வம் அண்ணனின் ரெக்கார்டிங் அறையில், சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டிய புழுக்கத்தில், சத்தம் விழாமலிருக்க ஃபேனையும் நிறுத்திவிட்டு இதைப் பழகினேன்.

துக்கச் செய்தியில் மட்டும் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. இறந்தது பெண் என்றால், 'பெருமாள் மனைவி, முருகன் தாயார்' என்று எழுதித் தருவார்கள். பெயர் இருக்காது. ஊருக்கே அப்படித்தான் தெரியும், பிறகு பெயர் எதற்கு என்பார்கள். பெயரைக் கேட்காமல் நான் மைக் முன்னால் உட்கார்ந்ததில்லை. இதனால் சில வீட்டாருக்கு என்மேல் எரிச்சலும் உண்டு.

அண்ணன் சொன்ன விளக்கம்

மறுநாள் காலையில் அண்ணனிடம் போய் நின்றேன். "அந்தப் பாத்திரக்கடை விளம்பரத்த நான் எப்பண்ணே படிச்சேன்?"

சிரித்தார். "நீ படிக்கல தங்கச்சி. ஏஐ படிச்சுச்சு. உன் பழைய ரெக்கார்டிங் பூராத்தையும் உள்ள போட்டேன். இப்ப டைப் பண்ணா போதும், நீ பேசுவ."

"நான் எங்கண்ணே பேசுனேன்? நான் வீட்டுல சோத்துக்கு வெஞ்சனம் வச்சுக்கிட்டுல்ல இருந்தேன்."

"அதத்தான் சொல்றேன். வெஞ்சனமும் வைக்கலாம், பேசவும் செய்யலாம். உனக்கு நல்லதுதானம்மா?"

புத்தி தடுமாறவில்லை என்று முதலில் நிம்மதிதான் வந்தது. கோபம் அதற்குப் பிறகுதான். "என்னையக் கேக்காம எப்படிண்ணே எடுத்தீங்க?"

"உன்னையவா எடுத்தேன்? என் கம்ப்யூட்டர்ல கெடந்ததத்தான எடுத்தேன்."

அது நியாயம் போலவும் இருந்தது, அநியாயம் போலவும் இருந்தது. இனி என்னைப் படிக்கக் கூப்பிடுவாரா மாட்டாரா என்பதுதான் நான் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு மட்டும் வாய் வரவில்லை.

எது அக்கா?

அந்த நேரம் பார்த்து நிலக்கோட்டைப் பக்கமிருந்து பாண்டியம்மா என்ற பெண் வந்தார். அன்று விடியற்காலையில் அவருடைய அம்மா தவறிவிட்டார். வீட்டில் எழுதிக் கொடுத்ததை அண்ணன் டைப் அடிக்க ஆரம்பித்தார். வழக்கம்போல இன்னார் மனைவி, இன்னார் தாயார்.

"அம்மா பேரு என்ன தாயி?" என்றேன்.

"ராக்கம்மா" என்றவர் அழுதுவிட்டார். "அதச் சொல்லிக் கூப்பிட வீட்டுல ஆளே இல்லக்கா."

நான் உள்ளே போய்ப் படித்தேன். அண்ணன் விடவில்லை. மெஷினிலும் அந்தப் பெயரைச் சேர்த்து அடித்து, இரண்டையும் போட்டுக் காட்டி, "எது வேணும்மா?" என்றார்.

பாண்டியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி கேட்டார். மெஷின் படித்ததைக் காட்டி, "இதாங்க்கா நாங்க ஊருல கேக்குற உங்க குரலு. இன்னொன்னு உங்கள மாதிரியே இல்ல" என்றார்.

அந்த இன்னொன்றுதான் நான். ராக்கம்மா என்று சொல்லும் இடத்தில் என் குரல் கம்மியிருந்தது. துக்கத்தில் நிற்பவரிடம் வழக்கா பேச முடியும்? "அதையே குடுத்துருங்கண்ணே" என்றேன்.

அவர் போனபின் அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ஆனா ஒண்ணு தங்கச்சி. நீ பேரு கேட்டது நல்ல விஷயம். இனிமே பேருன்னு ஒரு கட்டம் போட்டுடுறேன். அத அடிக்காம மெஷின் ஓடவே ஓடாது."

என்னிடம் மிச்சமிருந்ததையும் நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஆனால் இனி அந்த அறையிலிருந்து எந்த ராக்கம்மாவும் பெயரில்லாமல் போகமாட்டாள். இதில் சந்தோஷப்படுவதா, வயிறெரிவதா? இரண்டையும் ஒன்றாகவே பட்டேன்.

கடைசியில் ஒன்று மட்டும் கேட்டு வாங்கினேன். என் குரலில் எது வெளியே போனாலும் நான் கேட்ட பிறகுதான் போக வேண்டும். சரி என்றார். அந்தச் சரி எத்தனை நாளைக்கோ. இப்போது என் வேலை, நான் படிக்காததை நான் படித்ததுபோல் இருக்கிறதா என்று உட்கார்ந்து கேட்பது.

இந்த வேலைக்கு வருகிற பெண்களுக்கு ஒன்று சொல்வேன். நன்றாகப் படிக்கப் பழகுங்கள். அதற்கு முன், படித்தது எங்கே கிடக்கும், யார் எடுக்கலாம் என்று முதல் நாளே கேளுங்கள். அண்ணன் தங்கச்சி என்று பழகும் இடத்தில் இதைக் கேட்பது சங்கடம்தான். சங்கடப்பட்டுக்கொண்டே கேளுங்கள்.

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு துக்கச் செய்தி ஆட்டோ போனது. இறந்த பெண்ணின் பெயரை என் குரல் நிறுத்தி, நிதானமாகச் சொன்னது. பக்கத்து வீட்டு மேரி அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு, ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை நின்றார்.

"ஏன் ஸ்டெல்லா, நான் போய்ச் சேந்தாலும் என் பேர நீதான் சொல்லணும். வேற யாரையும் விட்றாத."

"சொல்றேங்க்கா" என்று கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தேன். அதைச் சொல்லப்போவது நானா என்று எனக்கே தெரியவில்லை.